ஆன்லைனில் தங்க நகை வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகளும் நேரடிப் பதில்களும்

தீபாவளி நெருங்கினாலோ வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலோ போதும், இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நகைக் கடை கவுண்டரில் உட்கார்ந்து பழகியவள் என்பதால் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி "இது உண்மையா பாரும்மா" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஆன்லைனில் தங்கம் வாங்கவே கூடாது என்கிறீர்களா?

அப்படியெல்லாம் இல்லை. மஸ்ஜித் இந்தியாவிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் பல வருஷமாகக் கடை வைத்திருப்பவர்களே இப்போது ஃபேஸ்புக் லைவ், டிக்டாக், ஷாப்பி என்று எல்லா இடத்திலும் விற்கிறார்கள். கடைக்குப் போனால் காட்டாத டிசைனைக்கூட லைவில் எடுத்துக் காட்டுவார்கள். கடையே இல்லாத ஒருவன் அவர்கள் வீடியோவையும் லோகோவையும் எடுத்துப் போட்டுக் கடைக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறானே, அவனிடம்தான் மாட்டிக்கொள்ளக் கூடாது.

விலை எவ்வளவு குறைவாக இருந்தால் சந்தேகப்படலாம்?

இது ஒன்று புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதி கேள்விகள் தேவையே இல்லை. துணியில், போனில், சோபாவில் தள்ளுபடி கொடுக்கலாம், ஏனென்றால் கடைக்காரர் எவ்வளவு லாபம் வைத்தார் என்று நமக்குத் தெரியாது. தங்கத்தின் விலையோ உலகத்துக்கே தெரியும். ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம் இன்றைக்கு எத்தனை டாலர் என்று போனில் தேடினால் வந்துவிடும். அதை 31.1-ஆல் வகுத்து, அன்றைய ரிங்கிட் மாற்று விலையால் பெருக்கினால் ஒரு கிராம் 999 தங்கத்தின் விலை. அதை 0.916-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் 916-இன் (நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம்) வெறும் உலோக விலை. ஒரு பவுன் வேண்டுமென்றால் 8-ஆல் பெருக்குங்கள்.

கணக்குக்காக ஒரு முழு எண் எடுத்துக்கொள்வோம். 999 தங்கம் கிராம் 500 ரிங்கிட் என்றால் 916 உலோகம் மட்டுமே 458 ரிங்கிட். பத்து கிராம் சங்கிலியை உருக்கி ஊற்றினாலும் 4,580 ரிங்கிட் கிடைக்கும். இதற்கு மேல்தான் கூலி, கடை லாபம் எல்லாம். அந்தச் சங்கிலியை ஒருவன் 2,900-க்குத் தருகிறான் என்றால், அவன் அதை நடந்து போய் எந்தக் கடையில் போட்டாலும் உங்களிடம் விற்பதைவிட அதிகம் கிடைக்குமே, பிறகு எதற்கு உங்களுக்கு "டியர், லாஸ்ட் பீஸ்" என்று மெசேஜ் போடுகிறான்?

நிஜக் கடை தள்ளுபடி கொடுக்கும் இடம் கூலி மட்டும்தான். 'கூலி பாதி', 'உப்பா (கூலி) இல்லை' என்று விளம்பரம் வந்தால் நம்பலாம், அதுகூட கிராம் விலையை ஏற்றிவைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு. உலோக விலைக்குக் கீழே போனால் அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம், மூடிவிடுங்கள்.

அடகில் மூழ்கிய நகை, கஸ்டம்ஸில் பிடித்த நகை, கடை மூடுகிறோம் என்றெல்லாம் காரணம் சொல்கிறார்களே?

அடகுக் கடைக்காரருக்குத் தங்கத்தின் விலை தெரியாதா? மீட்காத நகை ஏலத்துக்குப் போனாலும் அங்கே ஏலம் எடுக்க நிற்பவர்கள் எல்லாம் தங்க வியாபாரிகள். உலோக விலையை ஒட்டித்தான் போகும். கடை மூடுகிறவரும் மிச்ச நகையை மொத்தமாக உருக்கப் போட்டுவிட்டுப் போவார், பாதி விலைக்கு முகம் தெரியாதவருக்கு விற்க மாட்டார்.

இதில் 'சூராட் பஜாக்' விற்பது என்று ஒரு வகை இருக்கிறது. "அடகுச் சீட்டை உங்களுக்குத் தருகிறேன், நீங்கள் மீட்டுக்கொள்ளுங்கள், எனக்கு 500 மட்டும் கொடுங்கள்" என்பார்கள். சீட்டின் படம் வரும், கடை பெயர்கூட உண்மையாக இருக்கும். அதே படம் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விற்பவரோடு அதே அடகுக் கடைக்குப் போய், கவுண்டரில் நகையைக் கண்ணால் பார்த்த பிறகு பணம். அங்கே வர மாட்டேன் என்றால் விஷயம் முடிந்தது.

916 என்று முத்திரை குத்தியிருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

முத்திரை என்பது ஒரு சின்ன இரும்பு அச்சு. பித்தளையிலும் குத்தலாம். ஷாப்பியில் 'எமாஸ் பேங்காக்', 'எமாஸ் கொரியா', 'எமாஸ் சோப்' என்று தேடிப் பாருங்கள், இருபது முப்பது ரிங்கிட்டுக்கு வளையல் வரும், பலவற்றில் 916 அச்சும் இருக்கும். அதெல்லாம் முலாம். விளக்கத்தை முழுக்கப் படித்தால் எங்கேயாவது 'சாடுரான்' (முலாம்) என்ற வார்த்தை ஒளிந்திருக்கும். நம் பக்கம் 'ஒரு கிராம் தங்கம்' என்று இந்தியாவிலிருந்து வருவதும் இதே கதைதான், அதில் ஒரு கிராம் தங்கம் இருக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முலாம் நகை வாங்குவது தப்பே இல்லை, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நானே போட்டுக்கொண்டு போவேன். முலாம் விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தங்கம் என்று சொல்லி விற்றால் அது மோசடி.

இந்திய நகை என்று சொல்லி விற்றால் ஒரு வசதி இருக்கிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்யுஐடி எண் இருக்க வேண்டும், எழுத்தும் எண்ணும் கலந்து வரும். பக்கத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோண முத்திரையும் 22கே916 என்பதும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது எந்த வகை நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் சோதித்தது என்று காட்டும். மோதிரத்தில் இருக்கும் எண்ணைப் போட்டு அது 'வளையல்' என்று காட்டினால் எண்ணை எங்கிருந்தோ திருடிக் குத்தியிருக்கிறார்கள். பழைய நகையில் இந்த எண் இருக்காது, அதனால் இல்லை என்பதற்காகவே போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

'கேடிஎம்' என்று சொல்லி விற்றால் மயங்க வேண்டாம், அது பற்றவைத்த முறையைச் சொல்வது, தூய்மையைச் சொல்வது இல்லை.

லைவில் தராசில் வைத்தே காட்டுகிறார்கள். எடையிலுமா ஏமாற்ற முடியும்?

முடியும், அதுவும் பொய்யே சொல்லாமல். அந்தச் சின்ன டிஜிட்டல் தராசில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும். கிராமுக்கு 'ஜி'. அதே தராசில் ஒரு பட்டனை அழுத்தினால் கல்லை எடைபோடும் காரட்டுக்கு மாறும், 'சிடி' என்று வரும். இன்னொரு தடவை அழுத்தினால் கிரெய்ன், 'ஜிஎன்'. ஐந்து காரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். கிரெய்ன் என்றால் பதினைந்தரைக்குப் பக்கம் சேர வேண்டும். ஆக இரண்டு கிராம் மோதிரம் காரட்டில் 10.00 என்று மின்னும், நீங்கள் பத்து கிராம் என்று நினைத்து கமெண்டில் 'பிஎம்' (தனியாக மெசேஜ் போடுங்கள்) என்று போடுவீர்கள். கேமராவை எண்ணுக்கு மட்டும் கிட்டே கொண்டுபோய் அந்தப் பொடி எழுத்தை விரலால் மறைத்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஐம்பது சென் காசு ஒன்றைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுத் தராசிலும் அதே மாதிரிக் காசை வைத்துப் பாருங்கள். நேர்மையான விற்பனையாளர் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்.

அப்புறம் கல். நம் அட்டிகை, ஜிமிக்கி, கல் வளையல் எல்லாவற்றிலும் மொத்த எடை வேறு, தங்கத்தின் எடை வேறு. சிவப்புக் கல்லுக்கும் உள்ளே அடைத்த அரக்குக்கும் தங்க விலை கொடுக்கக் கூடாது. ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக வேண்டும் என்று கேளுங்கள். திருப்பி விற்கப் போகும்போது கடைக்காரர் கல்லைக் கழித்துவிட்டுத்தான் விலை பேசுவார், வாங்கும்போது கழிக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்கு.

கடை உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆன்லைனில் விற்பவர் தன் பெயர், நிறுவனப் பதிவு எண், முகவரி, போன், மின்னஞ்சல், முழு விலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. வெறும் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். பதிவு எண் கொடுத்திருந்தால் எஸ்எஸ்எம் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) தளத்தில் தேடி, பெயரும் தொழிலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆனால் எண் உண்மையாக இருப்பது மட்டும் போதாது, வேறு யாருடைய எண்ணையோ எடுத்துப் போட்டிருக்கலாம்.

அதனால் நான் சொல்வது: கடை பெயரைத் தனியாகத் தேடி, கூகுள் மேப்பில் உள்ள எண்ணுக்கு அடித்து "உங்கள் ஆள்தான் லைவ் போடுகிறாரா, இதுதான் உங்கள் வாட்ஸ்அப் எண்ணா" என்று கேளுங்கள். பக்கத்தில் கொடுத்த எண்ணுக்கு அடித்தால் அவனேதான் எடுப்பான், அதில் பிரயோஜனம் இல்லை. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு எல்ஆர்டி ஏறினால் மஸ்ஜித் ஜாமெக், அங்கிருந்து நடந்தே மஸ்ஜித் இந்தியா. ஐயாயிரம் ரிங்கிட் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்க்கச் சோம்பல் படாதீர்கள்.

ஃபேஸ்புக் பக்கத்தில் 'பக்கத்தின் வெளிப்படைத்தன்மை' என்ற பகுதியைத் திறந்தால் பக்கம் எப்போது தொடங்கியது, பெயர் எத்தனை முறை மாறியது என்று தெரியும். போன மாதம் வரை பூனைக் குட்டி விற்ற பக்கம் இன்று நகைக் கடையாகியிருப்பதை அதில் பார்க்கலாம்.

பணம் எப்படிக் கட்டினால் பாதுகாப்பு?

ஷாப்பி, லசாடா மாதிரி தளங்களில் பொருள் கைக்கு வரும்வரை பணம் தளத்திடம் இருக்கும். அதனால்தான் ஏமாற்றுகிறவன் முதல் வேலையாக "இங்கே கமிஷன் அதிகம், வாட்ஸ்அப்புக்கு வாங்க, நூறு குறைச்சுத் தரேன்" என்பான். அந்த நூறு ரிங்கிட்தான் அவன் போடும் தூண்டில். பொருளைச் சோதிக்கும் முன் 'ஆர்டர் ரிசீவ்ட்' பட்டனை அழுத்திவிடாதீர்கள், அழுத்தினால் பணம் அவனுக்குப் போய்விடும்.

நேரடி டிரான்ஸ்ஃபர் என்றால், வங்கிச் செயலியில் பணம் அனுப்பும் டுயிட்நவ்-இல் உறுதிசெய்யும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். கடை பெயர் ஒன்று, கணக்கு ஏதோ தனி ஆள் பெயரில் என்றால் நிறுத்துங்கள். "அது எங்கள் அக்கவுண்டன்ட் கணக்கு" என்ற பதில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது. போலிஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போட்டால் அதன்மேல் புகார் இருக்கிறதா என்று காட்டும். காசு கேட்காது, பதிவு செய்யும் வேலையும் பெரிதாக இல்லை. ஆனால் அங்கே பெயர் வராததை நல்ல சர்டிஃபிகேட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நேற்றுத் திறந்த கணக்குக்கு இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கிரெடிட் கார்டு என்றால் பொருள் வராவிட்டால் வங்கியிடம் மறுப்புத் தெரிவிக்க ஒரு வழியாவது உண்டு. சிஓடி (பொருள் வரும்போது பணம்) பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே பணம் கொடுக்க வேண்டியிருந்தால் அதில் என்ன பாதுகாப்பு?

புக்கிங் 50 ரிங்கிட்தானே, போனால் போகட்டும் என்று கட்டலாமா?

ஐம்பதோடு நிற்காது. அடுத்து இன்சூரன்ஸ் 180, அப்புறம் "பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது" என்று 600. முதலில் போட்டதை இழக்க மனம் வராமல் மேலே மேலே போடுவோம் என்பதை வைத்தே இந்தத் தொழில் ஓடுகிறது.

ஆர்டர் போட ஒரு செயலி இறக்கச் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. ஏபிகே கோப்பு அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அவனுக்கு வேண்டியது உங்கள் வங்கிக் கணக்கு. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் போனின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கு அடித்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். வங்கிச் செயலியிலேயே 'கில் ஸ்விட்ச்' இருக்கும், அதை இன்றைக்கே எங்கே இருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சோதிப்பது?

முதலில் வீடியோ. முகவரிச் சீட்டு தெரிய, பெட்டி மூடியிருக்கும்போது தொடங்கி, வெட்டி எடுத்துத் தராசில் வைப்பதுவரை நிறுத்தாமல் எடுங்கள். நடுவில் வெட்டி ஒட்டிய வீடியோ தகராறு வந்தால் உதவாது.

காந்தம் ஒட்டினால் இரும்பு இருக்கிறது, சரி. ஒட்டவில்லை என்றால் தங்கம் என்று அர்த்தமில்லை, பித்தளை, செம்பு, ஈயம் எதுவுமே ஒட்டாது. இன்னொன்று, சங்கிலிக் கொக்கியின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் நல்ல தங்கச் சங்கிலியிலும் எஃகாக இருக்கலாம், அந்த இடம் மட்டும் லேசாக இழுத்தால் பதற வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனை கொஞ்சம் பரவாயில்லை. 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நகையை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நகையின் எடையை வகுத்தால் அடர்த்தி. 916 என்றால் கிட்டத்தட்ட 17-க்கும் 18-க்கும் இடையில் வரும். 20 கிராம் வளையல் தண்ணீரில் 1.1 சொச்சம் காட்டினால் சரி, 2.3-க்கு மேல் போனால் கையில் இருப்பது பித்தளை. கல் பதித்த நகை, உள்ளே கூடான வளையல், அரக்கு அடைத்தது ஆகியவற்றுக்கு இது சரிவராது. தங்கக் கட்டிக்கும் இதை மட்டும் நம்பாதீர்கள், டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கம் 19.3, வித்தியாசமே தெரியாது.

பல் வைத்துக் கடித்துப் பார்க்கும் மாமாக்களுக்கு: பல்லுக்கு ஆபத்து, நகைக்கும் ஆபத்து.

நிம்மதி வேண்டுமென்றால் தெரிந்த நகைக் கடைக்கோ அடகுக் கடைக்கோ எடுத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கதிர் பாய்ச்சித் தூய்மை பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும், முலாம் தடிமனாக இருந்தால் அதுவும் ஏமாறும். அனுபவசாலிகள் ஒரு ஓரத்தை லேசாக அரம் போட்டுப் பிறகு உரைகல்லில் உரசிப் பார்ப்பது அதற்காகத்தான்.

வைர மோதிரம்?

ஜிஐஏ (வைரத்தைச் சோதித்துத் தரச் சான்று தரும் அமைப்பு) அறிக்கை இருந்தால் அதன் எண்ணை ஜிஐஏ தளத்திலேயே போட்டுப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் இணைப்பில் வேண்டாம். கல்லின் விளிம்பில் அதே எண் லேசரில் பொறித்திருந்தால் லென்ஸில் தெரியும். பேனா மாதிரி இருக்கும் சாதாரண வைரச் சோதனைக் கருவி 'பீப்' அடித்தால் நம்பிவிடாதீர்கள், வைரம் மாதிரியே தெரியும் மொய்சனைட் கல்லுக்கும் அடிக்கும்.

மாதா மாதம் கட்டி, முறை வரும்போது தங்கம் எடுக்கும் வாட்ஸ்அப் கூட்டில் சேரலாமா? நடத்துவது தெரிந்த அக்காதான்.

கூட்டு நடத்துவதையே இங்கே 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. பணத்துக்குப் பதில் தங்கம் என்றாலும் சங்கதி ஒன்றுதான். அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம், முதலில் எடுத்த நாலு பேர் கட்டுவதை நிறுத்தினால் அவர் எங்கிருந்து தருவார்? பிரச்சினை வந்தால் ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, சொந்தபந்தம் மட்டும் அறுந்துபோகும்.

தங்கம் வாங்கினால் மாதா மாதம் பணமும் தருகிறோம் என்கிற திட்டங்கள் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஜென்னிவா ஞாபகம் வரும். சந்தை விலையைவிட அதிகத்துக்குத் தங்கம் விற்று, மாதம்தோறும் ஒரு தொகை தருவதாகச் சொன்ன நிறுவனம். 2012 அக்டோபரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அங்கே சோதனை நடத்தியது. பூட்டிவைத்த தங்கம் குட்டி போடாது, அந்த மாதப் பணம் யாருடைய பணம் என்று கேட்டாலே போதும். பேங்க் நெகாரா தளத்தில் அனுமதியில்லாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, சேரும் முன் பெயரைத் தேடுங்கள்.

பணம் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

அழுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு 997-க்கு அடியுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம், 2022-இல் தொடங்கியது. அல்லது நேராக உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவு. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எங்காவது நிற்கும்போது முடக்கினால்தான் உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்று ராத்திரி முழுக்க மறைத்து வைத்துவிட்டுக் காலையில் சொல்வதுதான் பெரிய இழப்பு. அதன் பிறகு பாலாய் (போலிஸ் நிலையம்) போய்ப் போலிஸ் ரிப்போர்ட். சாட், கணக்கு எண், ரசீது, பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அவனைத் திட்டுங்கள், முன்னால் திட்டினால் பிளாக் செய்துவிட்டுச் சாட்டை அழித்துவிடுவான்.

விற்றவர் நிஜக் கடை, ஆனால் எடை குறைவு, தூய்மை குறைவு, பணம் திருப்பித் தர மாட்டேன் என்கிறார் என்றால் வழி வேறு. பயனீட்டாளர் விவகாரங்களைக் கவனிக்கும் கேபிடிஎன் அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும், முன்னால் எஸ்எஸ்எம் எண்ணைப் பார்க்கச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். பினாங்கில் இருப்பவர்கள் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் கேட்கலாம்.

போன பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் மெசேஜ் போட்டிருக்கிறார், முன்பணம் கேட்கிறார்.

அதே ஆள்தான், இல்லாவிட்டால் அவன் பங்காளி.

நான் வாங்கவில்லை, என் பழைய வளையலை மார்க்கெட்பிளேஸில் விற்கப் போகிறேன். எனக்கும் இதெல்லாம் வருமா?

வரும். வாங்குபவர் காட்டும் டிரான்ஸ்ஃபர் ரசீது எடிட் செய்ததாக இருக்கலாம், அல்லது வங்கியில் இன்னும் பணமாகாத காசோலையைப் போட்டுவிட்டு அந்தச் சீட்டைக் காட்டலாம். அவர் போனைப் பார்க்காதீர்கள், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம், நகைக் கடையிலோ வங்கிக் கிளையிலோ சந்தியுங்கள். "டிரைவரை அனுப்புகிறேன், கொடுத்துவிடுங்கள், பணம் வந்துகொண்டிருக்கிறது" என்றால் பணம் வந்த பிறகு டிரைவர் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். விளம்பரத்தில் படம் போடும்போது பழைய ரசீதில் உள்ள உங்கள் ஐசி எண்ணையும் முகவரியையும் மறைக்க மறக்காதீர்கள்.